கயிற்றை இழுக்கச் சொன்ன தண்ணீர்

எங்கள் ஓடக்கரைப்பேட்டையில் யார் தண்ணீர் குடித்தாலும், குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைப்பதற்குள், "கவுத்த இழுங்க மொதலாளி, கண்ணு எரியுது" என்று ஒரு முறை சொல்லிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை கேட்டால் பயப்படுவார்கள், இரண்டாம் தடவை சிரிப்பார்கள், மூன்றாம் தடவை அவர்களே சொல்லிவிடுவார்கள். வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் எழுந்து போகிறவன் அந்த வீட்டுக்குப் பகையாளி என்பது எங்கள் பக்கத்து வழக்கம், பகையாளி என்று பேர் வாங்குவதைவிட ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவது மேல் என்று யாருக்கும் தோன்றும். இது தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. தொடங்கிய நாள் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு அந்த இடத்துக்கு ஆறு டீ கொண்டுபோனவன் நான்.

நான் டீக்கடை சாதிக். குணசீலன் தோல் ஷாப்பு கேட்டுக்கு நேர் எதிரே என் கடை. ஊரில் அப்போது நாற்பது தோல் ஷாப்பு இருந்தது, நாற்பதும் ஆற்றைக் கெடுத்தவைதான், அதில் எனக்கு ஒன்றும் சந்தேகமில்லை. ஆனால் குணசீலன் ஷாப்பில் மட்டும் மழைநாட்டுக்காரர்கள் போடுகிற ஷூவுக்குத் தோல் செய்தார்கள், தண்ணீர் ஒட்டாத தோல். அதற்கென்று ஒரு மருந்து நீலப் பீப்பாயில் வரும். மருந்து ஏறிய தோலை விரித்து வைத்து, விருந்தாளிகள் முன்னால் குணசீலன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிக் காட்டுவார், சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவது போல அது உருண்டு ஓடிவிடும். "ஆயுசுக்கும் போகாது" என்பார். அந்த ஆள் வாழ்க்கையில் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அந்த மருந்து வெயிலில் சாகாது, மண்ணில் ஒட்டாது, கரியில் தங்காது, புழு பூச்சி தின்று தீர்க்காது, தண்ணீர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பெட்டி படுக்கையோடு தானும் போகும். மிச்ச மருந்துத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கச் செலவாகும் என்று, குணசீலன், தோலைப் போட்டுப் புரட்டுகிற டிரம் ஷெட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு தொட்டி வெட்டி, தொட்டிக்கு அடியில் போர்க்குழாய் ஒன்று போட்டு, எல்லாவற்றையும் பூமிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

அந்த போரின் வாய் அடைத்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஷாப்புக் கூலியாள் கன்னியப்பனை இடுப்பில் கயிறு கட்டித் தொட்டிக்குள் இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர் தேவராசு மேஸ்திரி. மேலே நின்றவர் குணசீலன். அவன் இறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சோதனைக்கு வந்த ஆபீசர்களின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தது, எனக்கு ஆறு டீ சொன்னார்கள். டீத் தூக்கை எடுத்துக்கொண்டு டிரம் ஷெட்டைத் தாண்டும்போது கீழே எங்கேயோ தட்டுகிற சத்தம் கேட்டது. டிரம் சுற்றுகிற சத்தம் என்று நினைத்தேன். சோதனை என்பதால் அன்றைக்கு டிரம் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அப்படியே நினைத்துக்கொண்டு போய் டீ ஊற்றினேன்.

இதெல்லாம் பிற்பாடு ஒன்றோடு ஒன்று சேர்ந்து புரிந்தது. அன்றைக்கு ஊருக்குச் சொன்னது வேறு. சாயங்காலம் கன்னியப்பனின் மனைவி பவுனம்மா கேட்டில் வந்து நின்றாள். அவளும் அதே ஷாப்பில் தோல் உதறி உப்பு தட்டுகிற வேலை பார்த்தவள். தேவராசு மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவன் ஒருத்திய இட்டுகினு பெங்களூரு பூட்டாம்மா. மதியமே பூட்டான்."

"சோறு துன்னாம பூட்டானா? அவன் சோத்துச் சட்டி இதோ கீது பாரு, மேஸ்திரி."

மேஸ்திரி கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் தொட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு மூடி, மேலே வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்தார்கள். பவுனம்மா ஓடிப்போனவன் பெண்டாட்டி ஆனாள். தாலி கழுத்தில் இருந்தது, புருஷன் எங்கும் இல்லை. செத்தான் என்றால் அழலாம், காரியம் பண்ணலாம், பட்டணத்தில் எங்கோ இன்னொருத்தியோடு இருக்கிறான் என்றால் என்ன பண்ணுவது? அவள் எங்கே போனாலும் பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.

நாற்பது நாள் கழித்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் முதல் தடவையாக அது வந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "கவுத்த இழுங்க மொதலாளி, கண்ணு எரியுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவள் குடித்தாள், சொன்னாள், சிரிப்பு நின்றது. பவுனம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள், தன் வாயிலிருந்தே தன் புருஷன் பேசுவதைக் கேட்டாள், அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "அடிப்பாவிங்களா, அவன் ஓடல, உள்ள கீறான்" என்று கத்தினாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார், நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார், "கவுத்த இழுங்க மொதலாளி, கண்ணு எரியுது" என்று அவரும் சொன்னார். சொல்லி முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல மொதலாளி நாப்பது பேரும்மா. எந்த மொதலாளின்னு தண்ணி சொல்லுதா? சொல்லல. அந்த மொதலாளியே வாயத் தொறந்து சொன்னா ஒழிய என்னால ஒரு தொட்டிய கூட நோண்ட முடியாது."

பவுனம்மா எழுந்து நின்று, "அப்ப அவன் வாயால சொல்ல வெச்சிட்டு வரேன்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் முதலில் தண்ணீரைச் சரிசெய்யப் பார்த்தது. கொதிக்க வைத்துக் குடித்தோம், தண்ணீர் சுண்டியதே தவிர வாக்கியம் சுண்டவில்லை, இன்னும் கெட்டியாக, இன்னும் உரக்க வந்தது. கரியில் வடிகட்டினோம், அது கரியோடு ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. வசதியுள்ளவர்கள் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி மாட்டினார்கள், இயந்திரம் கழித்துவிட்ட தண்ணீர் சாக்கடை வழியாகக் கிணற்றுக்கே திரும்பிப் போய் அடுத்த வீட்டுக்காரன் வாயில் இரண்டு மடங்காகப் பேசியது. பெரிய ஊரிலிருந்து தண்ணீரைச் சோதிக்க இரண்டு பேர் வந்து பாட்டிலில் பிடித்துப் போனார்கள். "எங்க பட்டியல்ல அறுபத்திமூணு பொருள் இருக்கு, இது அதுல இல்ல, பட்டியல்ல இல்லாததை நாங்க தேடுறதில்ல" என்றார்கள், நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள், நிறமில்லை, மணமில்லை, குடிக்கத் தகுந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், படித்தவன் அடக்கிக் காட்டுகிறேன் பார் என்று வாயை இறுகப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து முட்டிய வேகத்தில் நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டி இரண்டு தையல் போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அடக்கிப் பார்க்கவில்லை.

பிறகு நாங்கள் பழகிக்கொண்டோம். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் முந்நூறு பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லுவார்கள், அதைக் கேட்டுத்தான் பக்கத்து வயல்காரர்கள் மணி ஒன்றரை என்று தெரிந்துகொள்வார்கள். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நாங்கள் பேரீச்சம்பழம் கடித்துத் தண்ணீர் குடித்து, எல்லோரும் சேர்ந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் தொழுகைக்கு எழுவோம். கோவிலில் தீர்த்தம் வாங்கியவர்கள் சொல்லிவிட்டுத் தலையில் துடைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துச் சொல்லிவிட்டால் சம்மதம் என்று ஆயிற்று. ஓட்டுக் கேட்க வந்த தலைவர் ஒருவர் மேடையில் பேச்சுக்கு நடுவே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கவுத்த இழுங்க மொதலாளி, கண்ணு எரியுது" என்றார், அன்றைய கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல். கீரையில் வந்தது, இளநீரில் வந்தது, எருமைப் பாலில் வந்தது. தாய்ப்பால் குடித்த குழந்தை அம்மா என்பதற்கு முன்னால் 'கவுறு' என்றது, அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் நாங்கள் அதைச் சொல்லுவோம், ஆனால் யாரும் கேட்பதில்லை என்றாகிவிட்டது.

பவுனம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். அவள் என் கடைக்கு எதிரே நிற்பாள், வேலை விட்டு வருகிற ஆட்கள் டீயைக் குடித்து அந்த வாக்கியத்தை உமிழ்ந்துவிட்டு, சினிமாவும் கூலியும் பேசிக்கொண்டு போவார்கள், அவள் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"சாதிக் பாய், அந்தாளு உங்க எல்லாரையும் கூப்புடுறான். ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி கூப்புடுறான். ஒருத்தனாவது கவுத்த இழுத்தீங்களா?"

நான் டம்ளர் கழுவினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று அவளிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. நாற்பது ஷாப்பும் எங்களுக்குச் சோறு போட்டன, சோறு போடுகிற கையைக் கடிக்க எங்களுக்கு வாய் வரவில்லை, வாயில் வந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

குணசீலன் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. முதலில் ஆயிரம் அடிக்கு போர் போட்டார், ஆறே மாதத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த அவருடைய டிரைவர் வாக்கியத்தைச் சொல்லிவிட்டான். லாரியில் வெளியூர்த் தண்ணீர் வரவழைத்தார், அடுத்த கோடையில் அந்த ஊரும் சொல்ல ஆரம்பித்தது. ஷாப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலைமேல் பங்களா வாங்கி, மனைவியோடும் மகள் சஹானாவோடும் குடியேறினார். கூடவே தேவராசு மேஸ்திரியை அழைத்துப் போனார். ஊரில் விட்டால் வாய் திறப்பான் என்று ஒரு பயம், இன்னொன்று மேஸ்திரிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. முதலாளி எதைக் குடிப்பதானாலும் முதலில் மேஸ்திரி ஒரு வாய் குடிக்க வேண்டும். மேஸ்திரி சும்மா இருந்தால் முதலாளி குடிப்பார். மேஸ்திரி வாயில் கன்னியப்பன் பேசினால் அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் தேடுவார்கள். கயிற்றை நழுவவிட்ட மனுஷன், அந்தக் கயிற்றைக் கேட்கிற குரலைத் தன் வாயாலேயே அந்த ஆள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு எட்டு வருஷம் மலையில் இருந்தார். அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டும் கொடுக்காது.

இதற்கிடையில் வாக்கியம் ஆற்றோடு இறங்கிப் போனது. கீழே உள்ள ஊர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லின, ஏரியில் கலந்து பட்டணம் சொன்னது, கடலுக்குப் போய் மேகமேறித் திரும்பி வந்து, எங்கள் ஊர்ப் பேரே கேள்விப்படாத இடங்களில் மழையாகப் பெய்தது. மழைநாட்டிலிருந்து வந்த ஷூ வியாபாரி ஒருவர், தங்கள் ஊரில் கிழவர்கள் தண்ணீர் குடித்ததும் புரியாத பாஷையில் ஏதோ சொல்லுவதாகச் சொன்னார். நான் சொல்லிக் காட்டினேன். "இதேதான்" என்றார். பவுனம்மா அதைக் கேட்டுவிட்டு, பத்து வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

போன தை மாதம் சஹானாவுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் பெண் பிறந்த வீட்டு வாசலில்தான் தாரை வார்க்க வேண்டும். தாரை வார்த்ததும் கெண்டியில் மிஞ்சிய தண்ணீரைப் பெண்ணைப் பெற்றவன் மூன்று மடக்குக் குடித்துவிட்டு, சபை கேட்க "கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். குடிக்காத அப்பன் மகளை மனசாரக் கொடுக்கவில்லை என்று அர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் கை வைக்காமல் எழுந்துவிடுவார்கள். ஆனால் கெண்டியில் எந்த ஊர்த் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வழக்கத்தில் சொல்லவில்லை, குணசீலன் அந்தச் சந்தில்தான் புகுந்தார். வடக்கே பனிமலையில் உருகி, அங்கேயே கண்ணாடி பாட்டிலில் அடைத்த தண்ணீர் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

கல்யாணத்துக்கு டீ என் பொறுப்பு, அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பவுனம்மா முந்தானைக்குள் ஒரு தூக்கை மறைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே தெருக்குழாய்த் தண்ணீர். கெண்டிக்கு நான்கு அடி தூரத்தில் காவல்காரன் பிடித்துவிட்டான், தூக்கைப் பிடுங்கித் தண்ணீரை மண்ணில் கொட்டினான். மணவறையிலிருந்தே குணசீலன் பார்த்தார்.

"அடிக்காதீங்கப்பா. ஒரு இலை போட்டுச் சாப்பிட வெச்சு அனுப்புங்க, பாவம்."

பவுனம்மா கொட்டிய தண்ணீரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"உப்பு துன்னவன் தண்ணி குடிச்சே ஆவணும் மொதலாளி. நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

பாட்டிலைத் திறந்தார்கள். வழக்கம்போல முதல் வாய் மேஸ்திரிக்கு. அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், ஒரு வாய் வாங்கிக் குடித்தார். குடித்ததும் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணைப் பிடித்து நின்றார். நான் பார்த்தேன், பவுனம்மா பார்த்தாள், வேறு யாரும் கவனிக்கவில்லை, நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. பிறகு துண்டை எடுத்தார். உதடெல்லாம் சிவப்பு, வெற்றிலைச் சிவப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"நல்ல தண்ணி மொதலாளி" என்றார்.

குணசீலன் தண்ணீரைக் கெண்டியில் ஊற்றினார், மகள் கையிலும் மாப்பிள்ளை கையிலும் தாரை வார்த்தார், எல்லோரும் அட்சதை போட்டார்கள். கெண்டியைத் தூக்கி முதல் மடக்குக் குடித்துவிட்டு, "கொடுத்தேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"மூடியைப் போடு" என்றார்.

சபை சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. ஊரே சொல்லுகிற வாக்கியம் அது இல்லை. கன்னியப்பன் சொன்னதைப் பூமி உலகத்துக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்தது, அவனுக்குக் கிடைத்த பதிலை மட்டும் சொன்னவன் வாய்க்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தது. குணசீலன் பதறிப்போய், வந்த வார்த்தையை விழுங்கிவிடலாம் என்று இரண்டாம் மடக்குக் குடித்தார்.

"கயிறு கிடந்தா கிடக்கட்டும் மேஸ்திரி."

நாதஸ்வரம் நின்றது. சஹானா ஈரக் கையோடு திரும்பி, "அப்பா, எந்தக் கயிறு?" என்று கேட்டாள். அவர் கெண்டியை இரண்டு கையாலும் பிடித்து மிச்சத்தையும் குடித்தார்.

"ஆபீசருங்க போற வரைக்கும் திறக்காதே. செத்தா சாகட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். சஹானா மாலையைக் கழற்றி மணவறையில் வைத்துவிட்டு, படியிறங்கி நேரே பவுனம்மாவிடம் வந்து நின்றாள். பவுனம்மா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த அதே இன்ஸ்பெக்டரிடம் போய், "வாயத் தொறந்து சொல்லிட்டாரு சாமி, கடப்பாறைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

பந்தலுக்குப் பின்னால் மேஸ்திரி உட்கார்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். நுனி நாக்கு இல்லை. என்னைப் பார்த்துக் குழறிக் குழறிச் சொன்னார்: "பத்து வருசம் முன்ன வுட்ட கவுறு பாய். இன்னிக்கித்தான் இழுத்தேன்."

அன்றைக்கே குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்திச் சிமெண்டை உடைத்தார்கள். எலும்பு கிடைத்தது, இடுப்பெலும்பில் கயிறு சுற்றியபடியே கிடைத்தது. கயிறு இற்றுப்போகவில்லை, அந்த மருந்தில் ஊறியது இற்றுப்போகாது. பவுனம்மா ஏழு குடம் தெருக்குழாய்த் தண்ணீரால் அந்த எலும்பைக் கழுவி, தாலியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்து, பத்து வருஷம் அடக்கி வைத்த அழுகையை அழுதாள். அப்போது அவளிடம் போய், நான் கேட்ட சத்தத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தெரியும் பாய், நீ டீ எடுத்துனு போன வழி அதான" என்றாள். இன்றுவரை அவள் என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

இனி வாக்கியம் நின்றுவிடும் என்று ஊரே நம்பியது. மறுநாள் காலை முதல் டீயைக் குடித்தவர் சொன்னார், இரண்டாவது டீ குடித்தவரும் சொன்னார். பெரிய மனிதர்கள் நான்கு பேர் பவுனம்மா வீட்டுக்குப் போனார்கள். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்துச் சொல்லிவிட்டு, "நாயம் கெடச்சிடுச்சேம்மா, இத்தோட போதும்னு ஒரு வார்த்த சொல்லு" என்று கேட்டார்கள்.

"நான் சொன்னா போயிடுமா? பூமிக்குள்ள வுடும்போது என்னைக் கேட்டா வுட்டீங்க? வுட்டவங்க போயி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

குணசீலன் இப்போது ஜெயிலில் இருக்கிறார். முதல் மூன்று நாள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, மயங்கி விழுந்தவருக்கு நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள், அது ஏறுகிற நேரம் முழுவதும் கண்ணை மூடியபடியே மூன்று வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பவுனம்மா தூக்கில் தெருக்குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறுவாள். வார்டர் முதலில் தடுத்தார். அவரும் எங்கள் ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்தான், பிறகு விட்டுவிட்டார். துணைக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை நானும் பார்த்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார், உதடு வெடித்திருந்தது. அவள் தூக்கைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க மொதலாளி. தொண்ட காஞ்சிருக்கும்."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கையை மடக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாக வந்து டம்ளரை வாங்கியது. குடித்தார்.

"மூடியைப் போடு" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றாள் பவுனம்மா. தூக்கின் மூடியை எடுத்து, அழுத்திப் போட்டு, மூணே முக்கால் பஸ்ஸுக்கு எழுந்தாள்.